கழுத்தில் நெரிபட்ட தண்டுவடமும் ஒரு சக்கரக் கமோடு நாற்காலியும்: எட்டு மாத அனுபவம்

இந்த நாற்காலி மொரீஷியஸ் தீவில் எங்கள் ரோஸ் ஹில் வீட்டுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அலுமினியச் சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் திறப்புள்ள மெத்தை இருக்கை, அடியில் செருகி எடுக்கும் வாளி, மேலே மடக்கிவிடக்கூடிய கைப்பிடிகள், கால்வைக்க இரண்டு தகடுகள் என்று பார்வைக்கு எளிய பொருள்தான். போர்ட் லூயியில் மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் 11,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் அதன் மேலேயே உட்கார்ந்து குளிக்கலாம், வாளியை எடுத்துவிட்டுக் கழிப்பறைப் பீங்கானின் மேல் நிறுத்தி அப்படியே மலம் கழிக்கலாம், இரவில் கட்டிலருகே வாளியுடன் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் மூன்று பயன்களைச் சொன்னார். நான் இங்கே பேசப்போவது இரண்டாவது பயனைப் பற்றி மட்டுமே. ஏனென்றால் அதற்காகத்தான் வாங்கினேன், மற்ற இரண்டுக்கும் இதைவிட மலிவான பொருள்கள் இருக்கின்றன.

எனக்கு வயது 63. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கழுத்து முள்ளெலும்புகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பின்னோக்கித் துருத்தி, அதன் ஓரங்களில் வளர்ந்த எலும்பு முகிழ்களும் சேர்ந்து, தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தன. இதை எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் அறிந்தேன். அதற்கு முன் ஏறக்குறைய பதினான்கு மாதங்கள் என்னை வருத்தியது கழுத்து வலியன்று, மலச்சிக்கல். மூன்று நான்கு நாள் வயிறு இளகாது. கழிப்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் பயனிருக்காது. பிறகு எதிர்பாராத ஒரு நேரத்தில், உணர்வே சரியாகத் தெரியாமல், மலம் கசிந்து உள்ளாடை நனைந்துவிடும். பப்பாளி, முருங்கைக்கீரை, இசப்புக்கோல் உமி, மருந்துக்கடைப் பேதி மாத்திரை என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக மலச்சிக்கல் வந்தால் பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்ப்பது முறை என்பதால் அதையும் செய்தார்கள். குற்றமில்லை என்று வந்தது. நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட என் கைகளைப் பற்றிக் கேட்கவில்லை. அதே மாதங்களில் சட்டைப் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் கையெழுத்து என்னாலேயே படிக்க முடியாதபடி சிதைந்தது. தைப்பூசத்தன்று காத்ர் போர்னில் கோர் த கார்த் மலையிலிருக்கும் முருகன் கோவிலுக்கு ஏறும்போது, முப்பது ஆண்டுகளாகக் காவடியோடு ஏறிப் பழகிய படியிலேயே இரண்டு முறை கால் தடுக்கியது. கையும் காலும் வயிறும் மூன்று தனித்தனி நோய்கள் என்றே நினைத்திருந்தேன்.

நாற்காலியை மதிப்பிடுவதற்கு இந்த இணைப்பைச் சற்று விளக்கவேண்டும். மலக்குடலையும் ஆசனவாய்த் தசைகளையும் இயக்கும் நரம்பு மையம் கழுத்தில் இல்லை. தண்டுவடத்தின் அடிமுனையில், திரிக எலும்பின் (இடுப்புக்குப் பின்னுள்ள முக்கோண எலும்பு) இரண்டு முதல் நான்கு வரையுள்ள நரம்புகளில் இருக்கிறது. ஆனால் மூளைக்கும் அந்த மையத்துக்கும் இடையே போகிற வருகிற செய்தி எல்லாம் கழுத்து வழியாகத்தான் செல்கிறது. வழியில் நெரிபட்டால், குடல் நிறைந்திருக்கிறது என்ற உணர்வு மேலே மங்கலாகப் போய்ச் சேரும். இப்போது தளர்ந்துகொள் என்ற கட்டளை கீழே சரியாக வந்து சேராது. ஆசனவாயின் புறத்தசை தளர மறுத்து இறுகியே நிற்கும். நான் முக்க முக்க அது இன்னும் இறுகும். அதே வேளையில் கீழ்மையம் சேதப்படாமல் இருப்பதால், மலக்குடலின் சுவரைத் தூண்டினால் அது மேலிடத்தைக் கேளாமலேயே தானாகச் சுருங்கி வெளியேற்றும். தண்டுவடம் முடிந்தபின் கீழ்முதுகில் இறங்கும் நரம்புக் கற்றையே அடிபட்டவர்களுக்கு நிலைமை நேர்மாறானது. அங்கே தசை தொளதொளத்துப் போயிருக்கும், தூண்டினாலும் எழாது. ஆகவே ஒருவருக்குப் பொருந்தும் முறை மற்றவருக்குப் பொருந்தாது. என் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் இதை விரல்களால் மேசைமேல் கோடு வரைந்து இரண்டு நிமிடத்தில் விளக்கினார். அந்த இரண்டு நிமிடம் பதினான்கு மாதங்களுக்கு முன் கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

கழுத்தின் முன்புறம் வழியாக வட்டை அகற்றித் தகடு பொருத்தினார்கள். அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்தது எவ்வளவு திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நடை தேறியது, விரல்கள் பாதி தேறின, வயிறு கொஞ்சமே தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் புண்ணைத் துடைப்பது, கழுத்துப் பட்டை அணிவது, வலி மாத்திரை என்று எல்லாம் இருந்தன; மலம் கழிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு அந்த வலி மாத்திரையே குடலைக் கட்டிப்போடும் இனத்தைச் சேர்ந்தது. பிறகு ஒரு உடற்பயிற்சிச் சிகிச்சையாளரம்மாதான், குறித்த நேரத்தில் குறித்த முறையில் குடலைப் பழக்கும் ஒழுங்கை எனக்குக் கற்பித்து, அதற்கு இத்தகைய நாற்காலி வேண்டும் என்று சொன்னார்.

அந்த ஒழுங்கு இதுதான். காலையில் சூடாக ஏதாவது குடித்து, தால் பூரியோ ரொட்டியோ சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசைகிற அந்த நேரத்தைக் கைவிடக்கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, பிசகோடில் என்னும் மருந்துள்ள ஆசனவாய் மாத்திரையை வைக்கவேண்டும். அது மலத்துக்குள் புதைந்தால் பயனில்லை. குடற்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கால்மணி நேரம் கழித்து நாற்காலியில் அமரவேண்டும். இளகவில்லை என்றால் கையுறை அணிந்து, வழுவழுப்பான பசை தடவி, ஒரு விரலால் ஆசனவாய்க்குச் சற்று உள்ளே பதினைந்து இருபது விநாடி மெல்ல வட்டமாகச் சுழற்றி, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யவேண்டும். இவற்றை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்காலி வாங்குவோர் எவரும் கடையில் கேட்காத, கடைக்காரர் எவரும் தாமாகச் சொல்லாத முதற்கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது: இருக்கையின் திறப்புக்குள் கை எந்தப் பக்கமிருந்து போகும்?

கடையில் மூன்று வகை இருக்கைகளைக் காட்டினார்கள். முழு வட்டமாக மூடிய திறப்பு ஒன்று. முன்புறம் வெட்டுள்ள குதிரைலாட வடிவம் ஒன்று. பக்கவாட்டில் வெட்டுள்ளது ஒன்று. மூடிய வட்டம் அமர்வதற்கு மிக இதமானது, ஆனால் உட்கார்ந்தபின் கை நுழையாது. எனக்கு அது வெறும் நாற்காலிதான். முன்புற வெட்டில் தொடைகளுக்கு நடுவே கை போகும், ஆனால் அதற்கு உடலை முன்னே வளைத்துக் கழுத்தைக் குனியவேண்டும். கழுத்துப் பட்டையோடு இருந்த எனக்கு அது தடைசெய்யப்பட்ட அசைவு. பக்கவாட்டு வெட்டில் ஒருபக்கம் சாய்ந்தால் போதும், நிமிர்ந்த நிலையிலேயே கை அடிக்குச் செல்கிறது. உதவிக்கு நிற்பவரும் முன்னால் மண்டியிடாமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரலாம். என் விரல்களுக்கு உணர்வு குறைவென்பதால் முதல் மூன்று மாதங்கள் இதைச் செய்தவர் என் மனைவி. முன்னால் நின்று முகம் பார்த்துக்கொண்டே செய்வதற்கும், பக்கத்திலிருந்து எங்கோ பார்த்தபடி பேசிக்கொண்டே செய்வதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. வெட்டு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதையும் பாருங்கள். என் நாற்காலியின் இருக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்டால் பக்கம் மாறுகிறது. இது மிக நல்ல அமைப்பு.

இரண்டாவது, உயரம். அமரும்போது முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான், மலக்குடலைக் கயிறுபோல் முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசை தளர்ந்து, குடலின் வளைவு நேராகும். கரும்புத் தோட்டக் குடியிருப்பில் குந்தி உட்காரும் குழிக் கழிப்பறையோடு வளர்ந்த என் தகப்பனாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சக்கர நாற்காலியோ பீங்கானின் மேல் ஏறி நிற்கவேண்டியிருப்பதால் இயல்பாகவே உயரமானது. இதன் கால்தகடுகளை மிக மேலே ஏற்றி வைத்தாலும் என் முழங்கால் இடுப்புக்குக் கீழேதான் நின்றது. தொடையின் அடிப்பகுதி மெத்தை விளிம்பில் அழுந்தி, இருபது நிமிடத்தில் கால்கள் மரத்தன. இந்த நாற்காலியின் மிகப் பெரிய குறை இதுவே. பூசையறையில் இருந்த மனைப்பலகையைத் தகடுகளின் மேல் வைத்துப் பார்த்தேன், அளவெடுத்ததுபோல் பொருந்தியது. "பூசைப் பலகைதான் கிடைச்சுதா உங்களுக்கு? வேறே ஒண்ணுமே இல்லையா வீட்டில?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தச்சரிடம் அதே அளவில் ஒன்று செய்து, அடியில் ரப்பர் ஒட்டி வாங்கினோம். பலகைக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். அதனால் குறைந்த நேரத்தைக் கணக்கிட்டால் 11,500 ரூபாய் நாற்காலியில் உழைக்கிற பகுதி அந்தப் பலகைதானோ என்று தோன்றும்.

பீங்கானின் அளவையும் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போகவேண்டும். எங்கள் பீங்கான் மூடியோடு 44 சென்டிமீட்டர். நாற்காலியின் அடிச்சட்டம் தரையிலிருந்து 42. பின்னோக்கித் தள்ளியபோது முட்டிக்கொண்டு நின்றது. பீங்கானின் இருக்கையையும் மூடியையும் திருகாணி கழற்றி எடுத்த பிறகே நுழைந்தது. வீட்டில் மற்றவர்களும் அதே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் தினமும் அதைக் கழற்றி மாட்டுவது என் மகனின் வேலையாயிற்று. கதவின் அகலம், வாசற்படிக் கட்டையின் உயரம் இரண்டையும்கூட அளந்துகொள்ளுங்கள். சிறு சக்கரங்கள் இரண்டு விரல் உயரக் கட்டையை ஏறமாட்டா. ஆளை உட்காரவைத்து ஏற்றினால் ஏற்படும் குலுக்கல் புதிதாகத் தகடு பொருத்திய கழுத்துக்கு உகந்ததன்று.

பிரேக் விஷயத்தில் கடைக்காரர்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டா என்று கேட்டபோது, அங்கிருந்த இளைஞர், "பா கான்ய் த்ராக்கா, மிஸ்யே" (கவலைப்படாதீர்கள், ஐயா) என்று கிரியோலில் சொல்லிச் சிரித்தார். கவலைப்படாமல் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. நான்காம் நாள், ஈரத் தரையில், கைப்பிடியை ஊன்றி எழுந்தபோது முன்பகுதி ஒரு சாண் விலகிச் சுழன்றது. மனைவி பிடித்துக்கொண்டதால் விழவில்லை. சமநிலை ஏற்கெனவே தடுமாறுகிற மனிதன் கழுத்து அறுவைக்குப் பிறகு விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கடைக்கு எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, கூடுதல் பணம் வாங்காமல், பிரேக் உள்ள முன்சக்கரங்களைத் தந்தார்கள். தந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. மூன்று வாரம் ஆயிற்று என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

மெத்தைக்கு என் பாராட்டு. மூடிய நுரையின்மேல் வழுவழுப்பான உறை. தையல் இல்லாததால் அழுக்குத் தங்குவதில்லை. உணர்வு குறைந்த தோலுக்கு, அழுத்தம் ஓரிடத்திலேயே நிற்பது ஆபத்து. வலி தெரியாததால் புண் விழுந்த பிறகே தெரியும். கடினமான பிளாஸ்டிக் இருக்கையில் என் வால் எலும்பருகே சிவந்த இடம் அரைமணி நேரம் மறையாமல் இருந்தது; இந்த மெத்தையில் அப்படி நேரவில்லை. இருந்தாலும் கால்மணிக்கு ஒருமுறை கைப்பிடியை ஊன்றிச் சற்றே எழுந்து அமர்கிறேன். எட்டு மாதத்தில் திறப்பின் ஓரத்தில் உறை மெல்ல விரிசல் விடத் தொடங்கியிருக்கிறது.

துரு பற்றி இத்தீவில் எழுதாமல் இருக்க முடியாது. அலுமினியச் சட்டத்துக்கு ஒன்றுமில்லை. இருக்கையின் அடியிலுள்ள நான்கு திருகாணிகள் மட்டும் ஐந்தாம் மாதமே பழுப்பேறின, துருப்பிடிக்காத எஃகில் மாற்றிவிட்டேன். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கில் கடலோரம் வசிக்கும் என் மைத்துனர் இதில் பாதி விலைக்குப் பூச்சுப் பூசிய இரும்பு நாற்காலி வாங்கினார். அதன் கால்கள் ஓராண்டுக்குள் பற்றவைத்த இடங்களில் பொரிந்துவிட்டன. பாதி விலை என்பது அங்கே மிச்சமன்று.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்பது. தொடக்கத்திலிருந்தே ஒரு நோட்டில் நேரத்தையும், மலத்தின் தன்மையைப் பிரிஸ்டல் அளவுகோலின் ஏழு வகைகளில் எதுவென்பதையும் குறித்து வருகிறேன். முதல் இரண்டு வாரம் மாத்திரை வைத்ததிலிருந்து எழும் வரை எண்பது நிமிடத்துக்குக் குறையவில்லை. கிடைத்ததும் ஆட்டுப் புழுக்கைபோல் முதல் வகை. நார்ச்சத்தைக் கூட்டினால் தீரும் என்று எண்ணி இசப்புக்கோலை இரட்டிப்பாக்கினேன். குடலின் ஓட்டம் ஏற்கெனவே மந்தமாயிருப்பவருக்கு அது மேலும் அடைப்பதற்கே உதவியது. அதைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, முருங்கைக்கீரைச் சாற்றை இரவு உணவோடு சேர்த்தபின் மென்மையாக வழுவழுப்பான நான்காம் வகைக்கு வந்தது. ஒரு மாற்றத்தைச் செய்தால் நான்கைந்து முறை பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடவேண்டும் என்று சிகிச்சையாளரம்மா சொன்னதை அப்போதுதான் மதித்தேன். ஆறாம் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பத்தைந்து நிமிடம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு எதிர்பாராத நேரத்தில் துணி நனைந்தது ஒரே ஒருமுறை. அதுவும் ஒரு திருமண வீட்டில் ஏழு கறிச் சாப்பாட்டுக்குப் பின் நேரம் தவறியதால். திருமணத்துக்குப் போக முடிந்தது என்பதையே என் மனைவி பெரிதாகச் சொல்வார்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மரத்த விரலுக்கு அந்த மாத்திரையின் படல உறையைப் பிரிப்பது பெரும்பாடு. நகவெட்டியின் முனையால் முந்தின இரவே ஓரத்தைக் கீறி வைத்துக்கொள்கிறேன். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் அந்த மாத்திரை வெளியே இருந்தால் விரலிலேயே இளகிவிடும், ஆகவே குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும். மழை வராத மாதங்களில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் காலைகளில் கைத்தெளிப்பான் வேலை செய்யாது. இரண்டு வாளி நிரப்பி வைத்தபின்னரே மாத்திரையைத் தொடுகிறோம். நடுவில் நிறுத்த முடியாத வேலை இது.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். நடந்துபோய்ப் பீங்கானில் அமர்ந்து எழக்கூடியவருக்குச் சக்கரம் தேவையில்லை; பீங்கானின்மேல் பொருத்தும் உயர்த்திய மெத்தை இருக்கையும், சுவரில் ஒரு கைப்பிடியும், காலடியில் ஒரு பலகையும் போதும். நானே இப்போது கைத்தடியோடு நடக்கிறேன்; ஆனாலும் பக்கத் திறப்புக்காகவே இதில் அமர்கிறேன். மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவதன் மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் கடுமையாகச் சேதமானவர்களுக்கு, குடலைத் தூண்டும்போதோ மலம் தேங்கும்போதோ இரத்த அழுத்தம் திடீரென ஏறி, தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்துச் சிவக்கக்கூடும். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, மருத்துவ உதவி தேடவேண்டிய நிலை அது. அத்தகையவர்கள் முதல் சில முறைகளைத் தாதியின் துணையோடுதான் செய்யவேண்டும். கை கால் பலம் சில நாளில் வேகமாகக் குறைகிறது, சிறுநீர் அடைத்துவிட்டது, தொடைகளின் நடுவே மரத்துவிட்டது என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், பக்கத் திறப்புக்கும் மெத்தைக்குமாக நான்கு தருவேன். கால்தகட்டின் உயரத்துக்காக ஒன்றைப் பிடித்துக்கொள்வேன். விரிசல் விட்ட மெத்தையை மட்டும் தனியாகத் தரமுடியுமா என்று சென்ற வாரம் கடையில் கேட்டேன். முழு இருக்கையாகத்தான் வரும், 2,800 ரூபாய், கப்பலில் வர ஆறு வாரம் என்றார்கள். முன்பணம் கட்டிவிட்டு, அதுவரைக்கும் விரிசலின்மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.